கால் இழந்த சிப்பாய்க்குக் கஞ்சி ஊற்றுவது யார்?

400 வருஷங்களுக்கு முன்பே சட்டம் போட்ட இங்கிலாந்து! சண்டைக்கு ஆள் அனுப்பியது ராணி. பணம் கொடுத்தது கிராமம்!

யுத்தம் தொடங்கும்போது கொட்டு முழக்கம் கேட்கும். கொடி பறக்கும். சிப்பாய்களுக்கு மாலை விழும்.

யுத்தம் முடிந்த பிறகு?

ஒருவன் ஒரு காலோடு வீடு திரும்புகிறான். இன்னொருவனுக்குக் கண் தெரியவில்லை. மூன்றாமவனுக்கு வெளிக்காயமே இல்லை. ஆனால் இரவில் தூக்கம் இல்லை. அவர்களுடைய வீட்டில் மனைவி இருக்கிறாள். குழந்தைகள் இருக்கிறார்கள். நாளைக்கு அடுப்பு எரிய வேண்டும்.

2022 பிப்ரவரியில் ரஷியா படையெடுத்த பிறகு, உக்ரேன் நாட்டில் பல ஆயிரம் பேர் கை கால்களை இழந்தார்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் சண்டை போட்டுத் திரும்பிய அமெரிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர் இன்னும் ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

“உங்களை மறக்கமாட்டோம்” என்று எல்லா சர்க்காரும் சொல்கிறது. ஆனால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் மூன்று கேள்விகள் நிற்கின்றன.

யாருக்கு உதவி?

அவர் சண்டையில்தான் காயம்பட்டார் என்பதற்கு என்ன அத்தாட்சி?

பணம் யாருடைய பையிலிருந்து வரும்?

இந்த மூன்று கேள்விக்கும் சட்டம் போட்டுப் பதில் சொல்ல இங்கிலாந்து முயன்ற வருஷம் 1593. அந்தச் சட்டம் எப்படி வேலை செய்தது, எங்கே சறுக்கியது என்று பார்த்தால், இன்றைய சச்சரவுகள் பலவும் அங்கேயே தொடங்கியிருப்பது தெரியும்.

வெற்றி விழாவும் பட்டினியும்

1588-ம் வருஷம். இங்கிலாந்தைப் பிடிக்க ஸ்பெயின் மன்னர் பெரிய கப்பல் படையை அனுப்பினார். அந்தப் படை தோற்றது. இங்கிலாந்தில் சர்ச் மணிகள் முழங்கின. முதலாம் எலிசபெத் ராணியின் புகழ் எங்கும் பரவியது.

அதே நேரத்தில், வெற்றி பெற்ற மாலுமிகள் செத்துக்கொண்டிருந்தார்கள்!

எதிரியின் குண்டு அவர்களைக் கொல்லவில்லை. கப்பலில் பரவிய நோய் கொன்றது. மார்கேட் என்ற துறைமுக ஊரில் இறங்கியவர்களுக்குத் தங்க இடம் இல்லை. சம்பள பாக்கி வரவில்லை. சிலர் தெருவிலேயே உயிரை விட்டார்கள். கடற்படைத் தலைவர் ஹோவர்டு பிரபு மனம் உடைந்து ராணியின் மந்திரிகளுக்குக் கடிதம் எழுதினார். வீரமாகப் பணி செய்தவர்கள் இப்படிப் பரிதாபமாகச் சாவதைக் கண்டால் யாருக்கும் நெஞ்சு பதறும் என்பது அவருடைய முறையீடு.

அடுத்த வருஷம், 1589-ல், டிரேக், நாரிஸ் என்ற இரண்டு தளபதிகளின் தலைமையில் ஒரு படை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது. அது தோல்வியில் முடிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. திரும்பியவர்கள் கையில் காசு இல்லை.

பிழைக்க வழியில்லாத சிப்பாய்கள் லண்டன் நகரத்தில் கூட்டம் சேர்ந்தார்கள். “எங்கள் சம்பளம் எங்கே?” என்று கேட்டார்கள்.

சர்க்கார் பயந்துவிட்டது. ராணுவச் சட்டம் வந்தது. ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு இல்லாமல் திரிந்த சிப்பாய்க்குத் தண்டனை என்று உத்தரவு பிறந்தது. சிலர் தூக்கில் தொங்கினார்கள்.

“ஆற்றைக் கடக்கும் வரையில் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ” என்ற கதைதான்!

போக்கிடம் இல்லாமல் போனது

அதற்கு முந்திய காலத்தில் முடமான சிப்பாய்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

கிறிஸ்தவத் துறவிகளின் மடங்கள் இருந்தன. அங்கே போனால் ஒரு வேளைச் சோறும் படுக்க இடமும் கிடைக்கும். ஆனால் எலிசபெத்தின் தந்தை எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரையில் அந்த மடங்களை எல்லாம் மூடிவிட்டார். அவற்றின் நிலம் மன்னருக்குப் போனது. பிறகு பணக்காரர்களுக்குக் கைமாறியது. ஏழைக்கு இருந்த கதவு மட்டும் சாத்தப்பட்டது.

தனி மனிதர்கள் சிலர் தர்மம் செய்தார்கள். லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி என்பவர் 1571-ல் வார்விக் நகரத்தில் ஒரு விடுதி அமைத்தார். வயதான, ஊனமுற்ற சிப்பாய்கள் 12 பேர் அங்கே தங்கலாம். நல்ல காரியந்தான். ஆனால் 12 பேருக்கு மேல் இடம் இல்லையே!

எலிசபெத் ஆட்சியின் கடைசி 18 வருஷங்களில் இங்கிலாந்திலிருந்தும் வேல்ஸிலிருந்தும் வெளிநாட்டுச் சண்டைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அயர்லாந்து, பிரான்சு, ஹாலந்து என்று பல முனைகளில் சண்டை. பலர் விரும்பிச் சேர்ந்தவர்கள் அல்ல. பிடித்து அனுப்பப்பட்ட ஏழைகள். இத்தனை பேருக்கு ஒரு பிரபுவின் தர்மம் எந்த மூலைக்கு?

மாலுமிகளின் இரும்புப் பெட்டி

மாலுமிகள் ஒரு வழி கண்டார்கள். டிரேக், ஹாக்கின்ஸ், ஹோவர்டு ஆகியோரின் முயற்சியால் சாத்தம் துறைமுகத்தில் ஒரு நிதி தொடங்கியது. ஒவ்வொரு மாலுமியின் சம்பளத்திலிருந்தும் மாதம் 6 பென்ஸ் பிடிப்பார்கள். அந்தப் பணம் ஓர் இரும்புப் பெட்டியில் விழும். பல பூட்டுகள் போட்ட பெட்டி. சாவிகள் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும். எல்லாரும் கூடினால்தான் பெட்டி திறக்கும். திருட்டுக்கு இடமில்லாத ஏற்பாடு! அந்தக் காலத்துப் பெட்டி ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

காயம்பட்ட மாலுமிக்கு அந்தப் பெட்டியிலிருந்து உதவி கிடைத்தது. இருந்தாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அது மாலுமிகளே போட்ட பணம். ராணி போட்டது அல்ல.

தரைப் படைச் சிப்பாய்க்கு அந்தப் பெட்டியும் இல்லை.

1593: சட்டம் பிறந்தது

கடைசியில் பார்லிமெண்டு விழித்துக்கொண்டது. 1593-ல் கூடிய சபையில் உறுப்பினர்கள் தங்களுக்குள் பணம் வசூல் செய்து சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். அது ஒரு நாள் தர்மம். அதோடு நிற்காமல் ஒரு சட்டமும் செய்தார்கள். சிப்பாய்களின் நிவாரணச் சட்டம் என்று அதற்குப் பெயர்.

சட்டத்தின் ஏற்பாடு இதுதான்:

இங்கிலாந்தில் ஒவ்வொரு சர்ச்சையும் சுற்றி ஒரு வட்டாரம் உண்டு. அதற்குப் ‘பாரிஷ்’ என்று பெயர். பிறப்பு, கலியாணம், சாவு எல்லாம் அந்த சர்ச் பதிவில் ஏறும். ஏழைகளைக் கவனிப்பதும் பாரிஷின் வேலை.

அந்தப் பாரிஷ் ஒவ்வொன்றும் வாரந்தோறும் ஒரு தொகை கொடுக்க வேண்டும். குறைந்தது 1 பென்னி. அதிகம் போனால் 6 பென்ஸ். ஜில்லா முழுவதற்கும் சராசரி பாரிஷுக்கு 2 பென்ஸைத் தாண்டக் கூடாது.

சர்ச்சின் தர்மகர்த்தாவும் ஊர்க் கான்ஸ்டபிளும் வீட்டுக்கு வீடு வசூல் செய்வார்கள். கொடுக்க மறுத்தால் பொருளை ஜப்தி செய்யலாம். வசூலான பணம் பெரிய கான்ஸ்டபிளிடம் போகும். அங்கிருந்து ஜில்லா பொக்கிஷதாரரிடம் போகும். அவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சிப்பாய்களுக்குப் பென்ஷன் கொடுப்பார்.

யாருக்கு எவ்வளவு?

சாதாரணச் சிப்பாய்க்கு வருஷத்துக்கு 10 பவுன் வரையில் கொடுக்கலாம். லெப்டினண்டுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிக்கு 15 பவுன் வரையில். லெப்டினண்டுக்கு 20 பவுன் வரையில். இங்கே பவுன் என்பது தங்க எடை அல்ல, இங்கிலாந்து நாணயம். ஒரு பவுனுக்கு 240 பென்ஸ்.

அந்தக் காலத்தில் இது பெரிய புதுமை. கை கால் இழந்த சிப்பாய் இனிமேல் பிச்சைக்காரன் அல்ல. நாட்டுக்காக உழைத்தவன். அவனுக்குக் கொடுப்பது கடமை. இந்த எண்ணம் தேசச் சட்டமாக ஏட்டில் ஏறியது. தர்மம் என்ற இடத்தில் உரிமை என்ற விதை விழுந்தது.

கணக்கு இடித்தது!

சட்டம் நல்லது. கணக்கு?

ஒரு பாரிஷ் வாரம் 2 பென்ஸ் கொடுத்தால் வருஷத்துக்கு 104 பென்ஸ் சேரும். ஒரு சிப்பாய்க்கு முழுப் பென்ஷன் 10 பவுன், அதாவது 2,400 பென்ஸ். ஆக, ஒரே ஒரு சிப்பாய்க்கு முழுத் தொகை கொடுக்க 23 பாரிஷ்களின் பணம் வேண்டும்!

இங்கிலாந்தில் அப்போது 9,000-க்கும் மேற்பட்ட பாரிஷ்கள் இருந்தன. 9,000 என்றே வைத்துக்கொண்டாலும், சராசரி 2 பென்ஸ் வீதம் சட்டப்படி வசூலாகும் தொகை வருஷத்துக்கு 3,900 பவுன். இந்தப் பணத்தில் 390 சிப்பாய்களுக்குத்தான் முழுப் பென்ஷன் கொடுக்க முடியும்.

சண்டைக்கு அனுப்பியது லட்சம் பேரை. முழுப் பென்ஷனுக்கு வழி 390 பேருக்கு!

ஆகவே நடந்தது என்ன? தொகையைக் குறைத்தார்கள். பலருக்குப் பாதிகூடக் கிடைக்கவில்லை. வேலையில் இருக்கும்போது சிப்பாயின் சம்பளம் ஒரு நாளைக்கு 8 பென்ஸ். ஒரு வருஷத்துக்குக் கணக்கிட்டால் 12 பவுனுக்குச் சற்று மேல். முழுப் பென்ஷன் கிடைத்தாலே அந்தச் சம்பளத்துக்குக் குறைவுதான். அதிலும் பாதி என்றால் குடும்பம் எப்படி நடக்கும்?

பணம் தீர்ந்த ஜில்லாக்களில் இன்னொரு வழக்கம் வந்தது. பட்டியலில் இடம் இல்லை. யாராவது ஒரு பென்ஷன்காரர் இறந்தால் அடுத்த இடம் உனக்கு என்று நீதிபதிகள் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு முடவன் இன்னொரு முடவனின் சாவுக்காகக் காத்திருந்தான்! கொடுமை செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பணம் போதாத சட்டம் தானாகவே கொடுமையில் போய் முடிந்தது.

“சீட்டு எங்கே?”

பென்ஷன் கேட்கும் சிப்பாய் வெறுங்கையோடு போக முடியாது. தன் தளபதியிடம் அத்தாட்சிச் சீட்டு வாங்கி வர வேண்டும். எங்கே பணி செய்தான், எந்தக் காயம் பட்டான் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

எந்த ஜில்லாவில் படைக்குப் பிடித்தார்களோ அந்த ஜில்லாவுக்கே போய் மனுக் கொடுக்க வேண்டும். பிடிக்கப்படாமல் தானாகச் சேர்ந்தவன் பிறந்த ஜில்லாவுக்குப் போகலாம். அல்லது கடைசியாக மூன்று வருஷம் வசித்த ஜில்லாவுக்குப் போகலாம்.

காகிதத்தில் எளிது. நடைமுறையில்?

தளபதி சண்டையில் செத்திருந்தால் சீட்டுக்கு யாரிடம் போவது? அயர்லாந்தில் கால் போனவன் கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்து, ஒற்றைக் காலோடு தன் ஜில்லாவுக்கு எப்படிப் போவது? பெரும்பாலான சிப்பாய்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனு எழுத இன்னொருவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். கையில் காசு இல்லாதவன் காசு கேட்பதற்கே காசு செலவழிக்க வேண்டும்!

ஜில்லா நீதிபதிகள் வருஷத்துக்கு நான்கு தடவைதான் பெரிய கோர்ட்டாகக் கூடுவார்கள். ஒரு தடவை தவறிவிட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பென்ஷன் கிடைத்த பிறகும் நிம்மதி இல்லை. அதைக் குறைக்கவும் நிறுத்தவும் நீதிபதிகளுக்கு அதிகாரம் உண்டு.

பென்ஷன் வாங்குபவன் பிச்சை எடுத்தால் பென்ஷன் போய்விடும். ஊர் சுற்றும் போக்கிரி என்று தண்டனையும் கிடைக்கும். சட்டம் கொடுத்த பணமோ போதாது. கை நீட்டினாலோ குற்றம்!

பொய்ச் சீட்டுக்காரர்களும் இருந்தார்கள் என்பது உண்மை. சிப்பாய் வேஷம் போட்டுத் திரிந்தவர்கள் உண்டு. பொய்ச் சீட்டோடு அலையும் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் மரண தண்டனை என்று 1597-98 பார்லிமெண்டு சட்டம் செய்தது. சில பொய்யர்களைப் பிடிக்கப் போட்ட வேலி, உண்மையாகக் காயம்பட்டவனின் வழியையும் அடைத்தது.

கிராமத்தின் நியாயம்

கிராமத்தார் கல் நெஞ்சக்காரர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

1594 முதல் 1597 வரையில் இங்கிலாந்தில் தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது. தானிய விலை ஏறியது. பல ஊர்களில் பட்டினிச் சாவு நேர்ந்தது. அந்த நேரத்தில்தான் சிப்பாய் வரியும் வந்தது. ஊர் ஏழைகளுக்குக் கொடுப்பதா, எங்கிருந்தோ வந்து நிற்கும் சிப்பாய்க்குக் கொடுப்பதா என்று கிராமம் தவித்தது.

“சண்டையைத் தொடங்கியது நாங்களா? படைக்கு ஆள் கொடுத்தோம், ஆயுதத்துக்குப் பணம் கொடுத்தோம், இப்போது பென்ஷனுமா?” என்பது அவர்களின் நிலை.

ராணியின் மந்திரி சபை லண்டனிலிருந்து ஜில்லாக்களுக்குக் கடிதம் மேல் கடிதம் அனுப்பியது. இன்னாருக்குப் பென்ஷன் கொடுங்கள் என்று உத்தரவு வரும். பணம் மட்டும் கூட வராது! ஜில்லாக்கள் சாக்குச் சொல்லும். நடுவில் சிப்பாய் அலைவான்.

பார்லிமெண்டு வரியை உயர்த்திப் பார்த்தது. 1597-98-ல் பாரிஷுக்கு வாரம் 2 முதல் 8 பென்ஸ் என்று ஆக்கியது. 1601-ல் 2 முதல் 10 பென்ஸ் என்று உயர்த்தியது. பெரிய ஜில்லாக்களில் சராசரி 6 பென்ஸ் வரையில் போகலாம் என்றும் சொன்னது. 1593-ல் போட்ட கணக்கு போதவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

விதவையின் குரல்

எலிசபெத்தின் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. காயம்பட்ட சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு. செத்த சிப்பாயின் மனைவிக்கு? ஒன்றும் இல்லை.

அந்த ஓட்டையை அடைத்தது ஓர் உள்நாட்டு யுத்தம்.

1642-ல் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை மூண்டது. அக்டோபர் 23-ந் தேதி எட்ஜ்ஹில் என்ற இடத்தில் முதல் பெரிய போர் நடந்தது. அடுத்த சில நாட்களிலேயே பார்லிமெண்டு ஒரு வாக்குறுதி கொடுத்தது. தன் பக்கம் நின்று ஊனமான சிப்பாய்க்குப் பராமரிப்பு உண்டு. அவன் இறந்தால் மனைவி மக்களுக்கும் உண்டு என்றது.

ஏன் இந்தத் திடீர்க் கருணை? படைக்கு ஆள் வேண்டும். “நான் செத்தால் என் குழந்தைகளுக்கு யார்?” என்று கேட்பவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காரணம் எதுவானாலும், சிப்பாயின் விதவைக்குத் தேசத்தின் உதவி உண்டு என்ற கொள்கை அப்போது பிறந்தது.

லண்டனில் சவாய் என்ற இடத்தில் 1644-லும், ஈலி மாளிகையில் 1648-லும் பார்லிமெண்டு ராணுவ ஆஸ்பத்திரிகள் வைத்தது. நர்சு வேலையில் சிப்பாய்களின் விதவைகளுக்கு முதல் இடம் கொடுத்தார்கள். உதவியும் ஆயிற்று, பிழைப்பும் ஆயிற்று.

சிப்பாய்களும் விதவைகளும் ஜில்லாக் கோர்ட்டுகளுக்குக் கொடுத்த மனுக்கள் ஏராளம். எந்தப் போரில் நின்றான், எங்கே குண்டு பட்டது, எந்தத் தொழிலைச் செய்ய முடியாமல் போனது, வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று அவை சொல்கின்றன. ஜில்லாப் பழம் பதிவறைகளில் தூங்கிய அந்த மனுக்களைப் பிரிட்டனின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் படியெடுத்து இண்டர்நெட்டில் வெளியிட்டிருக்கிறார்கள். ராஜாக்களின் சரித்திரத்தில் இடம் கிடைக்காத ஏழைகளின் சரித்திரம் அது!

ஆட்சி மாறியது, காயம் செல்லாமல் போனது

பார்லிமெண்டு வென்றது. 1649-ல் மன்னரின் தலை வெட்டப்பட்டது. ஆனால் 1660-ல் அவருடைய மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார்.

உடனே பென்ஷன் பட்டியல் தலைகீழாக மாறியது!

பார்லிமெண்டு பக்கம் நின்று கை இழந்தவனின் பெயர் அடிக்கப்பட்டது. மன்னர் பக்கம் நின்று கை இழந்தவனின் பெயர் ஏறியது. மன்னருக்கு விசுவாசமாக உழைத்தவர்களுக்கே உதவி என்று 1662-ல் சட்டம் வந்தது.

இருவரும் இழந்தது ஒரே மாதிரிக் கைதான். இருவர் வீட்டிலும் ஒரே பசிதான். ஆனால் உதவி காயத்தைப் பார்க்கவில்லை. கொடியின் நிறத்தைப் பார்த்தது.

1679-க்குப் பிறகு இந்த ஜில்லாப் பென்ஷன் முறையே மங்கிவிட்டது.

செல்சீயின் சிவப்புக் கோட்டு

பிரான்சு மன்னர் பதினாலாம் லூயி 1670-ல் பாரிஸில் ஊனமுற்ற சிப்பாய்களுக்குப் பிரும்மாண்டமான மாளிகை கட்ட உத்தரவிட்டார். அதைப் பார்த்து இங்கிலாந்தும் கிளம்பியது. லண்டனில் செல்சீ என்ற இடத்தில் 1682-ல் வேலை தொடங்கியது. புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் திட்டம் வகுத்தார். 1692-ல் 476 பழைய சிப்பாய்கள் அங்கே குடியேறினார்கள்.

மன்னரின் காதலியான நெல் குவின் என்ற நடிகை சொல்லித்தான் இதைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அதில் பெரும் பகுதி சிப்பாய்களின் சம்பளத்தில் பிடித்த பணம்! மாலுமிகளின் இரும்புப் பெட்டிக் கதைதான் மறுபடியும்.

இருந்தாலும் ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. பொறுப்பு கிராமத்தின் தலையிலிருந்து இறங்கி, தேசத்தின் தலைக்குப் போகத் தொடங்கியது. செல்சீ விடுதி இன்றும் நடக்கிறது. சிவப்புக் கோட்டு அணிந்த முதியவர்கள் சுமார் 300 பேர் அங்கே வாழ்கிறார்கள். 2009 முதல் பெண்களும் சேர்க்கப்படுகிறார்கள்.

இன்றைய கேள்வி

அந்தப் பழைய மூன்று கேள்விகள் தீர்ந்துவிட்டனவா?

அத்தாட்சிக் கேள்வியை எடுத்துக்கொண்டால், பிரிட்டனில் 2005-ல் புதிய நஷ்டஈட்டுத் திட்டம் வந்தது. அதற்கு முந்திய திட்டத்தில், படையை விட்டு 7 வருஷத்துக்குள் மனுச் செய்தவரின் நோய்க்குப் படை வேலை காரணம் அல்ல என்று சர்க்கார்தான் நிரூபிக்க வேண்டும். புதிய திட்டத்தில், படை வேலைதான் காரணம் என்று மனுதாரரே நிரூபிக்க வேண்டும். கால் போனதை நிரூபிப்பது எளிது. மனம் உடைந்ததை எந்தச் சீட்டைக் காட்டி நிரூபிப்பது?

அமெரிக்கா வேறு பக்கம் நடந்திருக்கிறது. அந்த நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. இங்கிலாந்திலிருந்து போய்ப் பிளிமத் என்ற இடத்தில் குடியேறியவர்கள், ஊனமான சிப்பாயை ஆயுள் முழுவதும் குடியேற்றம் காப்பாற்றும் என்று 1636-லேயே சட்டம் செய்தார்கள். அந்த வழியில் வந்த அமெரிக்கா, 2022 ஆகஸ்டில் ஒரு பெரிய சட்டம் போட்டது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் ராணுவ முகாம்களின் குப்பைகளைக் குழியில் போட்டு எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குப் பின்னால் நோய்கள் வந்தன. புகையால்தான் நோய் வந்தது என்று நிரூபிக்க முடியாமல் பலர் திண்டாடினார்கள். அப்படிப்பட்ட 20-க்கும் மேற்பட்ட நோய்களுக்கு, அங்கே பணி செய்திருந்தாலே போதும். படை வேலைதான் காரணம் என்று சர்க்காரே ஏற்கும் என்றது புதிய சட்டம்.

அடுத்தது பணக் கேள்வி. படையில் உழைத்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் அதனால் பின்தங்கிவிடக் கூடாது என்ற கொள்கையை 2011-ல் பிரிட்டன் சட்டத்தில் சேர்த்தது. 2021-ல் இன்னொரு சட்டம் வந்தது. 2022 நவம்பர் முதல், வீடு, கல்வி, மருத்துவம் ஆகிய காரியங்களில் அந்தக் கொள்கையை மனத்தில் வைத்து நடப்பது நகர சபைகள், பள்ளிகள், மருத்துவ நிர்வாகங்களின் கடமை ஆனது.

நல்ல ஏற்பாடு. சிப்பாய் வாழப்போவது ஒரு ஊரில்தான். அவனுக்கு வீடு கொடுப்பதும், அவன் குழந்தைக்குப் பள்ளியில் இடம் கொடுப்பதும் அந்த ஊர்தான் செய்ய முடியும். ஆனால் 1593-ன் கேள்வி இங்கே திரும்பி வருகிறது. கடமையை ஊருக்கு அனுப்பும்போது, கூடவே பணமும் போகிறதா?

மூன்று பாடங்கள்

எலிசபெத் காலத்துச் சட்டத்தை ஏளனம் செய்வது சரியல்ல. அது பசித்தவனைத் தூக்கில் போட்ட நாட்டில் பிறந்த சட்டம். நான்கே வருஷத்தில், தூக்குக் கயிற்றிலிருந்து பென்ஷனுக்கு வந்தது பெரிய தூரம். ஆனால் அது சறுக்கிய இடங்கள் மூன்று பாடங்களைச் சொல்கின்றன.

ஒன்று: சண்டைக்கு உத்தரவு போடுகிறவரே காயத்துக்கும் கணக்கு வைக்க வேண்டும். உத்தரவு ஓர் இடம், செலவு வேறோர் இடம் என்றால், நடுவில் அலைவது சிப்பாய்தான்.

இரண்டு: அத்தாட்சி வேண்டும். ஆனால் அத்தாட்சி தேடும் பாரத்தை ஒற்றைக் காலோடு வருகிறவனின் தலையிலேயே ஏற்றக் கூடாது. எல்லாப் பதிவேடுகளையும் வைத்திருப்பது சர்க்கார்தானே!

மூன்று: ஆட்சிகள் மாறலாம். யுத்தம் சரியா தவறா என்று அறிஞர்கள் வாதாடலாம். சண்டைக்குப் போனவனின் காயம் அதற்காக மாறிவிடாது. 1660-ல் பெயர் அடிக்கப்பட்டவனுக்கும் பசித்தது.

கொட்டு முழக்கத்தோடு படையை அனுப்ப எல்லா நாட்டுக்கும் தெரியும். படை திரும்பிப் பத்து வருஷம் ஆன பிறகு, விழாக்கள் ஓய்ந்த பிறகு, அந்தச் சிப்பாயின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதுதான் கடினம்.

இப்போது நடக்கும் யுத்தங்களும் ஒரு நாள் முடியும். சமாதான ஒப்பந்தத்தில் தலைவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அன்றைக்குத்தான் காயம்பட்டவர்களின் கணக்கு தொடங்கும். யுத்தம் முடிந்து ஐம்பது வருஷம் ஆனாலும் அந்தக் கணக்கு முடியாது. போன காலுக்குப் பதில் இன்னொரு கால் முளைக்காது அல்லவா?